சர்ச் ஜன்னலைச் செய்தது யார்? ஒரு வண்ணக் கண்ணாடிக் கலைஞரின் வேலைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி

இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் பழைய சர்ச் ஒன்று இருக்கும். பெரும்பாலும் உள்ளே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலாவது விக்டோரியா ராணி காலத்ததாக இருக்கும். யார் நினைவாக வைத்தார்கள் என்று கண்ணாடியிலேயே எழுதியிருக்கும், பணம் கொடுத்த குடும்பத்தின் பெயரும் இருக்கும், ஆனால் அதை வரைந்தவர், வெட்டியவர், சூளையில் சுட்டவர், ஈயம் வைத்துக் கோர்த்தவர் யாருடைய பெயரும் இருக்காது. அந்த விடுபட்ட பெயர்களைத் தேட விரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதற்குக் கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, பொறுமையும் ஒரு பைனாகுலரும் போதும்.

முதல் யோசனை: எல்லா ஜன்னலையும் படிக்கக் கிளம்பாதீர்கள், ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சார்லஸ் ஈமர் கெம்ப் என்பவரைச் சொல்வேன். 1837-இல் பிரைட்டனுக்குப் பக்கத்தில் ஓவிங்டீனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக் குருவானவர் ஆக நினைத்தார், திக்குவாய் பெரிய தடையாக இருந்தது. பீடத்தில் நின்று ஊழியம் செய்ய முடியாவிட்டால் பீடத்தை அழகுபடுத்தவாவது செய்வேன் என்று முடிவெடுத்து, ஜார்ஜ் ஃபிரெடெரிக் பாட்லி என்ற கட்டிடக் கலைஞரிடம் சர்ச் அலங்காரம் கற்றுக்கொண்டார், கிளேட்டன் அண்ட் பெல் நிறுவனத்தில் கண்ணாடி வேலையைப் பழகினார். 1866-இல் லண்டனில் சொந்த ஸ்டுடியோ, மூன்று வருடம் கழித்துக் கேம்டன் டவுனில் சொந்தக் கண்ணாடிப் பட்டறை. 1907-இல் அவர் இறந்த பிறகும் நிறுவனம் 1934 வரை ஓடியது. ஆயிரக்கணக்கில் ஜன்னல்கள், கூடவே சுவர் ஓவியம், கூரை அலங்காரம், பீடத்துக்குப் பின்னால் வரும் செதுக்குப் பலகை, ஆராதனை உடைகள் என்று எல்லாமே அங்கிருந்து போயின. இவருடைய வேலை நாடு முழுக்கக் கிடைக்கிறது, அடையாளமும் வைத்திருக்கிறார். புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

போகும் நாள், எடுத்துப் போக வேண்டியவை

நல்ல வெயில் நாளில் போனால்தான் கண்ணாடி அழகாகத் தெரியும் என்று தோன்றும். ரசிப்பதற்கு அது சரி, ஆராய்வதற்குச் சரிப்படாது. நேர் வெயில் ஒரு பக்கம் கண்ணைக் கூச வைக்கும், மறுபக்க ஜன்னல்கள் இருட்டாகிவிடும். மேகம் மூடிய ஆனால் வெளிச்சமான பகல்தான் வசதி, எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி வரும், கறுப்புக் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரியும். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணைக்கலாமா என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஃபோனில் படம் எடுக்கும்போது ஜன்னலில் மிகவும் வெளுப்பாக இருக்கும் இடத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் குறைத்துவிடுங்கள். சுவர் கறுப்பாகப் போகட்டும், கண்ணாடியின் நிறம் நிற்க வேண்டும். முழு ஜன்னல் ஒரு படம், கல் தூண்கள் பிரிக்கும் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, அப்புறம் கீழ் மூலைகள் நான்கு விரலளவு நெருக்கத்தில் தெரிகிற மாதிரி. கீழ் மூலைகளை விட்டுவிட்டு வந்தால் திரும்பவும் போக வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கண்ணாடியைத் தொடாதீர்கள், தூசியைத் துடைக்காதீர்கள். உள்பக்கம் இருக்கும் தீட்டல் நூற்றைம்பது வருடப் பழையது, சில ஜன்னல்களில் அது ஏற்கெனவே உதிரும் நிலையில் இருக்கும். கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தால் ஒரு முகமே போய்விடலாம்.

குறிப்பு எழுத ஒரு எண் முறை வேண்டும். கண்ணாடி ஆய்வாளர்கள் கிழக்கு ஜன்னலை ஒன்று என்று வைத்து, அங்கிருந்து மேற்கு நோக்கி வடபுறம் ஒரு வரிசையும் தென்புறம் ஒரு வரிசையுமாக எண் கொடுப்பார்கள். நீங்கள் வ2, வ3, தெ2, தெ3 என்று எழுதிக்கொள்ளலாம். வாசலுக்குப் பக்கத்து ஜன்னல், மூன்றாவது ஜன்னல் என்றெல்லாம் எழுதினால் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கும்போது எது எது என்று புரியாது.

கீழே இருக்கும் எழுத்தை நம்பலாமா?

ஜன்னலின் அடியில் இன்னார் நினைவாக, இறந்த தேதி இது என்று இருக்கும். அந்த வருடத்தை ஜன்னலின் வருடமாக எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்கிற பிழை. தாத்தா 1862-இல் இறந்திருப்பார், பேரன் கையில் காசு வந்தபின் 1890-இல் ஜன்னல் வைத்திருப்பான். இறந்த வருடத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பது மட்டும்தான் அதிலிருந்து கிடைக்கும் உறுதி (உயிரோடு இருப்பவர்கள் நன்றிக்காக வைத்த ஜன்னல் என்றால் அதுவும் இல்லை). பெயரை முழுதாக, எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் காகிதங்களில் தேடும்போது கலைஞர் பெயரைவிட இந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

படத்தில் இருப்பவர் யார் என்பதையும் பாருங்கள். சாவி வைத்திருந்தால் பேதுரு, பெருக்கல் குறி மாதிரியான சிலுவை என்றால் அந்திரேயா, முள் சக்கரம் என்றால் கத்தரீன். நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு விஷயம், தோமையாரை இங்கே ஈட்டியோடும் காட்டுவார்கள், கட்டிடத் தொழிலாளியின் மூலைமட்டத்தோடும் காட்டுவார்கள். ஈட்டி அவர் உயிர்விட்ட விதத்துக்கு, மூலைமட்டம் இந்தியாவில் ஒரு ராஜாவுக்கு அரண்மனை கட்டப் போனார் என்ற பழைய கதைக்கு. மயிலாப்பூரிலிருந்து இவ்வளவு தூரத்தில் ஒரு கிராமத்துச் சர்ச்சில் அந்த ஈட்டியைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும்.

அடையாளச் சின்னம்

கெம்ப் தன் குடும்பச் சின்னத்திலிருந்து கோதுமைக் கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டார். தங்க மஞ்சளில் சின்னதாக, கீழ் ஓரத்தில், பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். 1890-களின் நடுவிலிருந்துதான் இது வழக்கமாக வருகிறது, அதற்கு முந்தைய ஜன்னல்களில் அரிது. ஆகவே கதிர்க்கட்டு இல்லை என்பதால் அது கெம்ப் இல்லை என்று ஆகாது. 1907-க்குப் பிறகு நிறுவனத்தை நடத்தியவர் அவர் உறவினர் வால்டர் டவர். அவர் பெயருக்கு ஏற்றபடி கதிர்க்கட்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கோபுரம் ஏறிக்கொண்டது. கோபுரம் இருந்தால் கெம்ப் உயிரோடு இல்லாத காலம். ஒரு நகத்தளவு கறுப்புப் புள்ளி உங்களுக்குக் காலத்தைச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் பைனாகுலர் வேண்டும் என்றேன்.

ஒரு எச்சரிக்கை. செஷயர் பகுதியில் கதிர்க்கட்டு என்பது அந்த மாவட்டத்தின் சின்னமும்கூட, பழைய செஸ்டர் பிரபுக்களின் கேடயத்தில் மூன்று கதிர்க்கட்டுகள் உண்டு. கேடயத்துக்குள் மூன்றாக இருந்தால் கலைஞர் கையெழுத்து என்று உடனே குதிக்காதீர்கள். அறுவடைப் பண்டிகைக் காட்சியிலும் கதிர் வரும்.

மற்றவர்களுடைய சின்னங்களும் தெரிந்திருந்தால் நல்லது. ஜெஃப்ரி வெப் சிலந்தி வலை போடுவார், கிறிஸ்டோபர் வெப் குழந்தையைச் சுமக்கும் கிறிஸ்தோபர் உருவம், ஹ்யூ ஈஸ்டன் காற்றுச் சேவல், ஜேம்ஸ் பவல் அண்ட் சன்ஸ் நிறுவனம் வெள்ளை அங்கித் துறவி. நினியன் காம்பரின் ஸ்ட்ராபெர்ரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காம்பர் இளைஞராகக் கெம்ப்பிடம் வேலை பார்த்து, பிறகு பாட்லியிடம் போனவர். அவருடைய அப்பா அபர்டீனில் பாதிரியார். 1903-இல் ஒரு பூங்காவில் ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்ட்ராபெர்ரி கொடுத்துக்கொண்டிருந்தபோது உயிர் போனது. மகன் அதன்பின் தன் ஜன்னல்களின் மூலையில் ஸ்ட்ராபெர்ரி வரைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் வடபுற ஜன்னல்களில் அவர் வேலையைப் பார்க்கலாம், அவருடைய அஸ்தியும் அந்த ஜன்னல்களுக்குக் கீழேதான் இருக்கிறது.

சின்னம் இல்லாவிட்டால்

கண்ணைப் பழக்குவது தவிர வேறு வழியில்லை. சின்னம் உள்ள, சந்தேகமில்லாத கெம்ப் ஜன்னல்கள் சிலவற்றை முதலில் நிதானமாகப் பாருங்கள். வேக்ஃபீல்ட் கதீட்ரலுக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள், ஆரம்ப காலத்திலிருந்து நிறுவனத்தின் பிற்காலம் வரை ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. தேவதூதர்களின் இறக்கையில் மயில்தோகைக் கண்கள், உடையின் ஓரத்தில் வரிசையாக முத்துகள், சரிகைப் பட்டு மாதிரி கனமான அங்கிகள், 15-ஆம் நூற்றாண்டு வடஐரோப்பிய ஓவியச் சாயலில் வெளிறிய முகங்கள், தலைக்கு மேலே வெள்ளியும் மஞ்சளுமாக விதானம், நடுவே ஆழ்ந்த பச்சை. இவை சேர்ந்து வந்தால் கெம்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் வந்தால் போதாது, மற்றவர்களும் பார்த்து வரைந்தார்கள்.

வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தொடங்கிய மோரிஸ் கம்பெனியின் ஜன்னலில் இந்த விதான வேலைப்பாடு பொதுவாக இருக்காது. கிறிஸ்டோபர் வால் (Whall) என்ற கலைஞரின் ஜன்னலில் கண்ணாடித் துண்டுகளே தடிப்பு மாறிமாறி, நிறமும் ஒரே துண்டுக்குள் கூடிக்குறைந்து வரும், வெள்ளைக் கண்ணாடிக்கு அங்கே பெரிய இடம் உண்டு. காம்பரின் பிற்கால வேலையில் தாடியில்லாத இளம் கிறிஸ்துவைப் பார்ப்பீர்கள்.

செய்முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

முதலில் சின்னதாக ஒரு வண்ண வரைவு, வாடிக்கையாளரிடம் காட்ட. அது ஒப்புக்கொள்ளப்பட்டால் ஜன்னலின் முழு அளவுக்குக் காகிதத்தில் படம், பட்டறையில் அதற்குக் கார்ட்டூன் என்று பெயர். அதன் மேல் ஈயம் எங்கெங்கே ஓடும் என்று கோடு. கோட்டின்படி கண்ணாடி வெட்டுவார்கள். நீலம், பச்சை, ஊதா எல்லாம் உருக்கும்போதே நிறம் ஏற்றிய கண்ணாடி. சிவப்பு மட்டும் அப்படிச் செய்தால் கறுப்பாகத் தெரியும் அளவுக்கு அடர்ந்துவிடும், அதனால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஒட்டி வரும். அந்தப் படலத்தை அமிலத்தால் அரித்து எடுத்தால் சிவப்புக்கு நடுவே வெள்ளைப் பூ கிடைக்கும், ஈயம் தேவையில்லை.

கண், மூக்கு, துணி மடிப்பு எல்லாம் இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் பொடித்த கண்ணாடியும் கலந்த கறுப்பு, பழுப்புத் தீட்டல். கோடு போட்டுவிட்டு மேலே மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் பிரஷ்ஷாலும் குச்சியாலும் அதைச் சுரண்டி ஒளியைத் திறப்பார்கள். பிறகு சூளையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். மஞ்சள் தனிக்கதை. வெள்ளி கலந்த உப்பைக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சுடுவார்கள், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி எலுமிச்சை முதல் ஆழ்ந்த தங்கம் வரை நிறம் கொடுக்கும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஐரோப்பாவில் தெரிந்த வித்தை இது, நீலக் கண்ணாடியின் பின்னால் பூசினால் பச்சை வரும். கெம்ப் பட்டறையின் உயிரே இந்த மஞ்சளில்தான் என்பது என் எண்ணம். கடைசியில் ஈயப் பட்டையில் கோர்த்து, இணைப்புகளைப் பற்றவைத்து, இடுக்குகளில் சிமெண்ட் தேய்த்து, ஜன்னலில் குறுக்குக் கம்பிகளோடு கட்டுவார்கள்.

இது ஏன் தெரிய வேண்டும்? ஒரு ஜன்னலில் முகங்கள் மட்டும் மறைந்து வெறும் வெள்ளையாக நின்றால், கலைஞர் முடிக்காமல் விட்டார் என்று அர்த்தமில்லை. 1860, 70-களில் சில பட்டறைகள் குறைந்த சூட்டிலேயே தீட்டல் இளகுவதற்காக அதில் போராக்ஸ் (வெண்காரம்) கலந்தன. ஈரம் பட்டுப் பட்டு அந்தத் தீட்டல் உதிர்ந்துபோயிற்று. முகம் போன ஜன்னல் அந்தக் காலகட்டத்தைச் சந்தேகிக்க ஒரு காரணம். அதேபோல வெளியே போய்ப் பின்பக்கத்திலிருந்தும் பாருங்கள், புதிய ஈயம், மாற்றிய துண்டு, முன்பின்னாக வைத்துவிட்ட துண்டு எல்லாம் வெளியிலிருந்துதான் தெரியும்.

சுவரையும் கூரையையும் மறக்காதீர்கள்

ஜன்னலோடு நின்றுவிட்டால் இவர்களுடைய வாழ்க்கையில் பாதி கிடைக்காது. லிவர்பூல் ட்யூ புரூக்கில் பாட்லி 1868 முதல் 1870 வரை கட்டிய புனித யோவான் சர்ச்சில் கெம்ப்பின் சுவர் ஓவியத்தை இன்றும் பார்க்கலாம். எல்லா ஊரிலும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் விக்டோரியா கால அலங்காரம் பிடிக்காமல் பல சர்ச்சுகளில் வெள்ளையடித்துவிட்டார்கள். ஆர்கனுக்குப் பின்புறம், பழைய அலமாரிக்குப் பின்புறம், தூணின் மேல்பகுதி, இங்கெல்லாம் ஸ்டென்சில் பூவோ எழுத்து வரியோ மிச்சம் இருக்கும். ஒரே பூ சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, மூலையில் மட்டும் கொஞ்சம் நெருக்கியோ வெட்டியோ இருந்தால் அது ஸ்டென்சில். அதைப் படம் எடுங்கள், அளவு எடுங்கள். இன்னொரு சர்ச்சில் அதே பூ வந்தால் பட்டறை ஒன்று என்று சொல்ல வலுவான ஆதாரம்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம் வருகிறது. கெம்ப் ஜன்னல் என்கிறோமே, அதைக் கெம்ப் தன் கையால் வரைந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தலைமை வரைவாளராக ஜான் லைல் இருந்தார், கண்ணாடிப் பட்டறையை ஆல்ஃபிரெட் டாம்பிள்சன் நடத்தினார், அவர்களுக்குக் கீழே வெட்டுகிறவர்கள், தீட்டுகிறவர்கள், சுடுகிறவர்கள், கோர்க்கிறவர்கள். கதிர்க்கட்டு ஒரு கூட்டத்தின் முத்திரை. சுவர் வேலையிலும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் லீச் என்பவர் பாட்லிக்கும் மோரிஸுக்கும் கெம்ப்புக்கும் அலங்காரங்களைச் செய்து கொடுத்தார். அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த டேவிட் பார் என்ற தொழிலாளி 1886-இல் சின்ன வீடு ஒன்று வாங்கி, பகலில் பெரிய இடங்களில் செய்த அதே வேலைப்பாடுகளைத் தன் வீட்டுச் சுவரில் நாற்பது வருடம் தீட்டினார். எந்த அறையை எப்போது செய்தார், என்ன செலவு என்று நோட்டில் எழுதியும் வைத்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், போய்ப் பார்க்கலாம். அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டால் பழைய சர்ச் ஒன்றின் அலங்காரத்தை முதலாளி பெயரில் மட்டும் எழுதி முடிக்க உங்களுக்கு மனசு வராது.

காகிதங்கள்

இங்கிலாந்துத் திருச்சபையில் புதிய ஜன்னல் வைக்க மறைமாவட்ட அனுமதி வேண்டும், ஃபேகல்டி என்பார்கள். அந்த மனுவில் செய்பவர் பெயர், சில நேரம் செலவு, இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் வரைபடமே இருக்கும். இவை பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். சர்ச் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், கணக்குப் புத்தகம், மாதப் பத்திரிகை இவற்றையும் கேளுங்கள். அப்புறம் உள்ளூர்ச் செய்தித்தாள். ஜன்னல் அர்ப்பணிப்பு அந்தக் காலத்தில் பெரிய விழா, ஆயர் வந்தார், இன்னார் பிரசங்கம் செய்தார் என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள், கடைசி வரியில் ஜன்னலைச் செய்தவர் பெயர் வரும். தேடும்போது ஊர்ப் பெயரும் நினைவுக்குரியவரின் பெயரும் போடுங்கள், கலைஞர் பெயரை அச்சில் தப்பாக விட்டிருப்பார்கள். செய்தியில் கட்டிடக் கலைஞரின் பெயர் மட்டும் இருந்தால் அவர்தான் ஜன்னலைச் செய்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெம்ப்பின் கார்ட்டூன்கள் சில லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஈலி கதீட்ரலின் மாடியில் இருக்கும் வண்ணக் கண்ணாடி அருங்காட்சியகத்தில், உயரத்தில் இருப்பதைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், தீட்டல் எப்படிச் சுரண்டப்பட்டது என்பதை முகத்துக்கு நேரே பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை இங்கிலாந்தோடு முடிவதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் லண்டன் பட்டறைகள் இந்தியாவுக்கும் ஜன்னல் அனுப்பின. கல்கத்தா புனித பவுல் கதீட்ரலின் மேற்கு ஜன்னல் 1880-இல் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த மேயோ பிரபு நினைவாக வைத்தது, வரைந்தவர் ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், செய்தது மோரிஸ் கம்பெனி. ஊரில் ஒரு பழைய ஆங்கிலச் சர்ச் இருந்தால் கீழ் மூலைகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

பதிவு எழுதும்போது நான்கு கட்டம் தனித்தனியாக வையுங்கள்: வடிவமைத்தவர், கார்ட்டூன் வரைந்தவர், செய்த பட்டறை, பணம் கொடுத்தவர். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், நிறுவனப் பெயரை எல்லாவற்றிலும் நிரப்பாதீர்கள். சின்னம் பார்த்து முடிவெடுத்ததா, காகிதம் பார்த்ததா, பாணியை வைத்து ஊகித்ததா என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் பின்னால் வருகிறவர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முடிந்ததும் ஒரு நகலைச் சர்ச் வார்டனிடம் (சர்ச்சின் கட்டிடத்தையும் பொருள்களையும் கவனிக்கும் பொறுப்பாளர்) கொடுங்கள், இன்னொன்றைக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். கல்லெறிந்தோ புயலடித்தோ அந்த ஜன்னல் உடைந்தால் பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது நீங்கள் எடுத்த நெருக்கப் படங்களைத்தான்.